குந்துதலும் குத்தவைத்தலும்: மருத்துவர் சொல்வதும் நோயாளி கேட்பதும்

புறநோயாளிகள் பிரிவில் நாங்கள் அன்றாடம் சொல்லும் அறிவுரைகளுள் ஒன்று, "குந்தாதீர்கள்" என்பது. முழங்கால் தேய்ந்தவர்களிடம் சொல்கிறோம். இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டவர்களிடம் இன்னும் அழுத்திச் சொல்கிறோம். சொல்பவர் மதுரைப் பக்கமோ கோவைப் பக்கமோ வளர்ந்த மருத்துவராக இருந்தால், பாதங்களைத் தரையில் ஊன்றி, முழங்கால்கள் மேல்நோக்கி நிற்க, பிட்டம் குதிகாலை நெருங்க அமரும் நிலையையே அவர் கருதுகிறார். காசிமேட்டிலும் ராயபுரத்திலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கோ குந்துதல் என்றால் வெறுமனே உட்காருதல். நாற்காலியில் அமர்வதும் குந்துதல். திண்ணையில் கால் தொங்கவிட்டு அமர்வதும் குந்துதல். வீட்டுக்கு வந்தவரை "வா, இப்படிக் குந்து" என்று அழைப்பது இங்கு அன்பான உபசாரம்.

ஆகவே மருத்துவர் "குந்தக் கூடாது" என்றதும், "உட்காரவே கூடாதாம்" என்ற செய்தியாக அது வீடு போய்ச் சேருகிறது. மீன் விற்கும் தாய்மார்கள் சிலர் அதை நம்பி, நாளெல்லாம் நின்றபடியே வியாபாரம் செய்து, கால் வீங்கிய நிலையில் மறுமுறை வருகின்றனர். வேறு சிலர், நடக்கவே முடியாததை மருத்துவர் சொல்கிறார் என்று எண்ணி, அந்த அறிவுரையோடு மற்ற அறிவுரைகளையும் மாத்திரைகளையும் சேர்த்தே கைவிட்டுவிடுகின்றனர். ஒரு சொல்லில் ஏற்படும் இந்தத் தடுமாற்றத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று நாங்கள் நெடுநாளாக எண்ணியிருந்தோம்.

மருத்துவர்கள் கருதும் நிலைக்குக் காசிமேட்டிலேயே தெளிவான சொல் ஒன்று உண்டு. அது குத்தவைத்தல். "குத்தவைத்து உட்காராதே" என்றால் இங்கு யாரும் பிழையாகப் புரிந்துகொள்வதில்லை. எழுத்து வழக்கில் இதையே குத்துக்காலிட்டு அமர்தல் என்கிறோம். குத்து என்பதற்கு நேராக, நிமிர்ந்து நிற்பது என்ற பொருள் உண்டு. செங்குத்து, குத்துக்கல், குத்துவிளக்கு ஆகிய சொற்களில் வருவதும் அதுவே. உடல் தாழ்ந்திருக்க, முழங்கால்கள் மட்டும் குத்துக்கல்போல் நிமிர்ந்து நிற்பதைத் தமிழன் கண்டு பெயரிட்டான் என்று கொள்ளலாம். இதே நிலையைக் குறிக்கும் ஸ்குவாட் என்ற ஆங்கிலச் சொல், நசுக்குதல், தட்டையாக்குதல் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. அவர்கள் கண்ணில் பட்டது அமுங்கிய உடல்; நம்மவர் கண்ணில் பட்டது நிமிர்ந்த முழங்கால். மூட்டு மருத்துவத்துக்கு நம்முடைய சொல்லே பொருத்தமாக இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

குந்து என்பதும் பழைய திராவிடச் சொல்லே. கன்னடத்தாரின் பேச்சிலும் உட்காருவதற்கு இதை ஒத்த சொல் வழங்குகிறது. யாழ்ப்பாணத்தில் வீட்டு விறாந்தையை ஒட்டிய குட்டைச் சுவருக்கே குந்து என்று பெயர். சென்னைத் தமிழ் இச்சொல்லைச் சிதைத்துவிட்டது என்று சிலர் கருதுவதுண்டு. நாங்கள் அவ்வாறு கருதவில்லை. நோயாளியின் சொல்லை மருத்துவர் கற்றுக்கொள்வதே முறை.

குத்தவைக்கும்போது முழங்காலில் நிகழ்வது என்ன? நாற்காலியில் அமரும்போது முழங்கால் ஏறத்தாழ 90 பாகை மடங்குகிறது. முழுவதுமாகக் குத்தவைக்கும்போது அது 150 பாகை வரை மடங்கவேண்டியிருக்கிறது. அந்நிலையில் முழங்கால் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே உள்ள குருத்தெலும்பின்மீது உடல் எடையைப்போல் பல மடங்கு அழுத்தம் விழுகிறது. நலமான மூட்டு இதைத் தாங்கிக்கொள்ளும். அதற்கென்றே பழகிய உடல் நம்முடையது. 1890களில் லாகூரில் பணியாற்றிய ஹேவ்லாக் சார்ல்ஸ் என்ற உடற்கூற்றியல் பேராசிரியர், பஞ்சாப் மக்களின் கால் எலும்புகளை ஆராய்ந்து, குத்தவைத்து அமரும் பழக்கத்தால் கணுக்கால் எலும்புகளில் வழவழப்பான சிறு பட்டைகள் உருவாகியிருப்பதை விளக்கி எழுதினார. இன்றும் அகழாய்வில் கிடைக்கும் எலும்புகளில் அத்தகைய பட்டைகளைக் கண்டால், அம்மக்கள் குத்தவைத்து அமர்ந்தவர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

பழகிய மூட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் முதியோரிடையே நடத்தப்பட்டு 2004ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இளமையில் நாள்தோறும் பல மணி நேரம் குத்தவைத்து அமர்ந்தவர்களிடம் முழங்கால் தேய்மானம் கூடுதலாக இருப்பது தெரியவந்தது. இங்குக் கவனிக்கவேண்டியது நேரத்தின் அளவு. காலைக்கடனுக்காகச் சில நிமிடங்கள் குத்தவைப்பது வேறு; விடியற்காலையில் ஏலம் முடிந்தது முதல் நண்பகல் வரை கூடைக்கு முன்னால் அதே நிலையில் இருப்பது வேறு. மூட்டு வலி தொடங்கிவிட்டவர்களிடம் நாங்கள் தவிர்க்கச் சொல்வது முதன்மையாக இரண்டாவதையே. உட்காருவதற்கு எந்தத் தடையும் இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு முக்காலி போதும். ஆனால் முக்காலியை மட்டும் உயர்த்தி, மீன் பரப்பிய பலகையைத் தரையிலேயே விட்டுவிட்டால் நாளெல்லாம் குனிந்து முதுகு வலிக்கத் தொடங்கும். பலகையையும் இரண்டு மரப்பெட்டிகளின்மேல் ஏற்றி வைக்கவேண்டும். அரிவாள்மணையில் மீன் வெட்டுபவர்களுக்கு இது எளிதன்று என்பதை அறிவோம். அவர்கள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, காலை நீட்டி மடக்கி, சில அடி நடந்துவிட்டு அமர்வதே பெரும் உதவி.

முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்களின் நிலை சற்று வேறுபட்டது. செயற்கை மூட்டு பொதுவாக 110 முதல் 125 பாகை வரை மடங்கும். நாற்காலியில் அமர, படியேற, பேருந்தில் ஏற அது போதும்; குத்தவைக்கப் போதாது. வலுவில் முயன்றால் மூட்டின் நெகிழிப் பகுதி விரைவில் தேயும். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு: குத்தவைக்கும்போது மூட்டு நழுவிவிடக்கூடும். ஆகவே அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே வீட்டுக் கழிப்பறையைப் பற்றி எங்களிடம் பேசுங்கள். மேல்நாட்டுக் கழிப்பறை கட்ட இடமோ பணமோ இல்லாத வீடுகளில், நடுவில் துளையுள்ள உயரமான நாற்காலியைப் பழைய கழிப்பறையின் மேலேயே வைத்துக்கொள்ளலாம். குறித்த நாளுக்குச் செய்யும் அறுவையாக இருந்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைத் தேர்ந்துகொள்ளலாம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த வாரங்களில் ஓய்வும் கிடைக்கும். துணைக்கு வீட்டில் ஆளும் இருப்பார்கள்.

இவ்விடத்தில் இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "அம்மாவைக் குத்தவைக்கக் கூடாது என்கிறீர்கள், இயன்முறை மருத்துவரோ ஸ்குவாட் செய்யச் சொல்கிறார். எதைக் கேட்பது?" நியாயமான கேள்வி. உடற்பயிற்சிக் கூடங்களின் வழியே தமிழுக்குள் வந்துவிட்ட இந்த ஸ்குவாட் என்பது, கீழே போய் அமர்ந்துவிடுவதைக் குறிக்கவில்லை. இறங்கி ஏறுவதைக் குறிக்கிறது. முழங்கால் வலிக்காரர்களுக்கு இயன்முறை மருத்துவர் கற்றுத்தருவது அதிலும் கால்வாசிதான்: சுவரிலோ நாற்காலியிலோ கையூன்றி, முழங்காலைச் சிறிதளவு மடக்கி, மீண்டும் நிமிர்தல். இது தொடையின் முன்தசைக்கு வலுவூட்டி மூட்டின் சுமையைக் குறைக்கிறது. இருவரும் சொல்வதில் முரண்பாடு இல்லை. பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுவதும் இவ்வகை அசைவே. மூட்டு தேய்ந்தவர்கள் முழுவதும் இறங்கவேண்டாம், பாதியில் நிமிர்ந்தால் பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூட்டைத் தவிர நரம்புக்கும் இந்நிலையால் தீங்கு வரலாம். முழங்காலின் வெளிப்புறத்தில், சற்றுக் கீழே கையால் தடவினால் ஒரு சிறு எலும்பு முனை தட்டுப்படும். பாதத்தை மேலே தூக்கும் நரம்பு அதைச் சுற்றித் தோலுக்கு மிக அருகில் செல்கிறது. பல மணி நேரம் குத்தவைத்திருந்தால் அந்த நரம்பு நசுங்கி, எழுந்து நடக்கும்போது பாதம் தொங்கும். செருப்பு தானே கழன்றுபோகும். கால் விரல் தரையில் இடறும். மேலைநாடுகளில் தோட்டங்களில் பழம் பறிப்போரிடம் இது மிகுதியாகக் காணப்பட்டதால், ஸ்ட்ராபெர்ரி பறிப்போர் வாதம் என்றே அங்கு ஒரு பெயர் உண்டு. நீரிழிவு உள்ளவர்களும் அண்மையில் உடல் மெலிந்தவர்களும் எளிதில் இதற்கு ஆளாகின்றனர். பக்கவாதமோ என்று குடும்பமே அஞ்சி ஓடிவருவதுண்டு. அவ்வாறு ஓடிவருவதே சரி. பக்கவாதமா, நரம்பு நசுங்கியதா என்று பிரித்தறிவது எங்கள் வேலை. நரம்பு நசுங்கியதாக இருந்தால், பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ குணமாகிவிடும்.

குத்தவைத்து எழும்போது கண் இருட்டுவது மற்றொன்று. இரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரை, முதியவர்களுக்குத் தரப்படும் புராஸ்டேட் மாத்திரை ஆகியவற்றை உட்கொள்பவர்கள் கழிப்பறையில் சுவரைப் பிடித்து மெல்ல எழவேண்டும். விந்தை என்னவென்றால், நின்றிருக்கையில் மயக்கம் வருவதுபோல் தோன்றினால், உடனே குத்தவைத்து அமர்வதே நல்ல தற்காப்பு. கால்களில் தேங்கிய இரத்தம் இதயத்துக்குத் திரும்பும். இரத்த அழுத்தம் உயரும். விழுந்தாலும் அடி பலமாகப் படாது.

இரத்த ஓட்டத்தை இந்நிலை மாற்றுகிறது என்பதால்தான், இதயச் சோதனையின்போது சிலரை நாங்கள் குத்தவைத்து எழச் சொல்லி, நெஞ்சில் குழலை வைத்துக் கேட்கிறோம். சில இதய முணுமுணுப்புகள் குத்தவைக்கும்போது உரக்கும், சில தணியும். இதயத்தைப் பொறுத்தவரை இந்நிலைக்கு மிகப் பெரிய பொருள் இருப்பது குழந்தைகளிடம். இதை எழுதத் துணிந்ததற்கு முதன்மையான காரணமும் அதுவே.

பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 முதல் 10 பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கிறது. அவற்றுள் ஃபாலோ நால்குறை என்பது ஒன்று. பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ஃபாலோ 1888ஆம் ஆண்டில் இதை விரிவாக எழுதினார். நீலநோய் என்று அவர் குறிப்பிட்டார். இந்நோயில் நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயின் வழி குறுகியிருக்கும்; இதயத்தின் கீழறைகளுக்கு இடையேயுள்ள சுவரில் ஓட்டை இருக்கும். நுரையீரலுக்குப் போய்த் தூய்மையாகவேண்டிய இரத்தத்தின் ஒரு பகுதி, ஓட்டை வழியாகக் குறுக்கே புகுந்து உடலுக்கே திரும்பிவிடும். ஓடினாலோ விளையாடினாலோ குழந்தை நீலம் பாரித்து மூச்சு வாங்கும். அப்போது, யாரும் சொல்லித்தராமலே, அக்குழந்தை குத்தவைத்து அமர்ந்துகொள்கிறது.

ஏன்? ஒரு தெருக் குழாயிலிருந்து இரண்டு கிளைகள் பிரிகின்றன. ஒன்றில் அடைப்பு, மற்றொன்று நன்கு திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் முழுவதும் திறந்த கிளையிலேயே ஓடும். திறந்த கிளையைச் சற்றுத் திருகி இறுக்கினால், அடைப்புள்ள கிளையிலும் தண்ணீர் ஏறும். குத்தவைக்கும்போது தொடையிடுக்கிலும் முழங்காலிலும் மடங்கும் இரத்தக் குழாய்கள் அழுந்துகின்றன. உடலின் பக்கம் தடை கூடுகிறது. நுரையீரலின் பக்கம் இரத்தம் கூடுதலாகச் செல்கிறது. குழந்தையின் நீலம் குறைகிறது. சில நிமிடங்களில் எழுந்து மீண்டும் விளையாடச் செல்கிறது. பார்ப்பவர்கள் "சோம்பேறி, நாலு அடி நடந்தால் குந்திக்கொள்கிறான்" என்று திட்டுகின்றனர்.

எல்லாச் சிறு குழந்தைகளும் மண்ணில் விளையாடும்போது குத்தவைத்து அமர்வார்கள். அதைக் கண்டு அஞ்சவேண்டாம். ஓட்டத்தின் நடுவில் அல்லது சற்றுத் தூரம் நடந்தவுடன் மூச்சு வாங்கிக் குத்தவைப்பது மட்டுமே ஐயத்துக்குரியது. மாநிறமும் கறுப்புமான நம் குழந்தைகளின் தோலில் நீலம் எளிதில் தெரியாது. நாக்கு, ஈறு, உதட்டின் உட்புறம், நகக்கண் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விரல் நுனிகள் உருண்டு பருத்திருந்தாலும் காட்டுங்கள்.

இங்கும் சொல் குறுக்கே நிற்கிறது. தமிழ்நாட்டின் பல பகுதிகளில், பூப்பெய்திய பெண்ணைக் குறித்துக் குத்தவைத்துவிட்டாள் என்பர். அவளைத் தனியே ஓரிடத்தில் அமர்த்தும் பழைய வழக்கத்தையொட்டி வந்த பொருள் அது. எட்டு, பத்து வயதுச் சிறுமியை அழைத்துவந்த தாயிடம், "உங்கள் பெண் குத்தவைப்பதுண்டா?" என்று இளம் மருத்துவர் ஒருவர் கேட்டால், "இன்னும் இல்லை" என்று தாய் தயங்கியபடி விடை சொல்வார். மருத்துவரும் "இல்லை" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் ஒரு முக்கியமான நோய்க்குறி பதிவாகாமல் போய்விடுகிறது. ஆகையால் சொல்லை நம்பியிராமல், குழந்தை எப்படி அமர்கிறது, எப்போது அமர்கிறது என்பதை அப்படியே செய்துகாட்டுங்கள். கைப்பேசியில் படம் பிடித்து வந்தால் இன்னும் நல்லது.

இந்நோயுள்ள குழந்தைகளுக்கு, குறிப்பாகக் காலையில் எழுந்ததும், அழுதபின்போ பாலுண்டபின்போ, திடீரென்று நீலம் மிகுந்து, மூச்சு வேகமாகி, உடல் துவண்டுபோகும் நிலை வரலாம். அப்போது குழந்தையைத் தோளோடு அணைத்து, இரு முழங்கால்களையும் மடக்கி அதன் நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள். பெரிய குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து முழங்கால்களை மார்போடு மடக்குங்கள். நடமாடும் பருவத்துக் குழந்தை தானே செய்துகொள்வதைக் கைக்குழந்தைக்கு நீங்கள் செய்துதருகிறீர்கள். உலுக்கவோ முகத்தில் தண்ணீர் தெளிக்கவோ வாயில் எதையும் புகட்டவோ வேண்டாம். 108ஐ அழையுங்கள். நீலம் தணிந்துவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். வாந்தி பேதி வந்தாலும் காத்திருக்கவேண்டாம். உடலில் நீர் குறைந்தால் இக்குழந்தைகளின் இரத்தம் மேலும் கெட்டியாகிவிடும்.

1944ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹெலன் டாசிக் என்ற குழந்தை இதய மருத்துவரின் எண்ணத்தில் தோன்றிய அறுவையை ஆல்ஃபிரட் பிளேலாக் முதன்முதலில் செய்தார். விவியன் தாமஸ் என்ற ஆய்வக உதவியாளர் விலங்குகளில் அதைச் செய்து பார்த்து வழிவகுத்திருந்தார். பத்தாண்டுகளுக்குள், 1954இல், ஓட்டையையே அடைத்து முழுமையாகச் சீர்செய்யும் அறுவையும் வந்துவிட்டது. இன்று சென்னையிலேயே அது நடைபெறுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே செய்துவிடுவதால், குத்தவைக்கும் குழந்தையை இளம் மருத்துவர்கள் அரிதாகவே காண்கின்றனர். காலம் கடந்து வரும் குழந்தைகளிடமே நாங்கள் அதைப் பார்க்கிறோம்.

காலம் கடப்பதற்குச் செலவைப் பற்றிய அச்சம் ஒரு காரணம். அதோடு மற்றோர் அச்சமும் உண்டு. அதற்கும் இச்சொல்லோடு தொடர்பு இருப்பது வியப்பே. உரிமையின்றி ஒரு நிலத்தில் குடியேறியவரையும் ஆங்கிலத்தில் ஸ்குவாட்டர் என்பார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பிறந்த பொருள் அது. ஆஸ்திரேலியாவில் பரந்த நிலங்களை வளைத்து ஆடு மேய்த்த செல்வர்களுக்கு அது பெருமைக்குரிய பெயராகவே மாறியது. ஏழைக்கு அப்பெருமை கிட்டவில்லை. கடற்கரை ஓரத்திலும் கால்வாய்க் கரையிலும் தலைமுறைகளாக வாழ்ந்தும் பட்டா இல்லாத குடும்பத்தைப் புறம்போக்கில் வந்து குந்திக்கொண்டவர்கள் என்று பேசுவோர் இங்கு உண்டு. அப்பேச்சைக் கேட்டுக் கேட்டே, பட்டா இல்லாத நமக்கு அரசுக் காப்பீடும் கிடைக்காது என்று சிலர் முடிவுகட்டிவிடுகின்றனர். அது சரியன்று. 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு நிலப்பட்டா தேவையில்லை. குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் அடிப்படையாகக் கொண்டே அது வழங்கப்படுகிறது. குழந்தைகளின் இதய அறுவைகள் அதில் அடங்கும். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் சிறார் நலத் திட்டக் குழுவினரிடமும் குழந்தையைக் காட்டலாம்; பிறவிக் குறைகளைக் கண்டறிந்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவது அவர்களின் பணி.

அறுவை முடிந்து வீடு திரும்பும் குழந்தை சில வாரங்கள் மெலிவாகவே இருக்கும். பிறகு தெருவில் ஓடத் தொடங்கும். நடுவில் குத்தவைத்து அமர்கிறதா என்று பெற்றோர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மறுபரிசோதனைக்கு வரும்போது நாங்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். பெரும்பாலும், "இப்போதெல்லாம் இல்லை" என்ற விடையே கிடைக்கிறது.